வெர்ல் டால்மன் டர்போ மாட்டிய குளிர்காலம்

எங்கள் ஊரில் தண்டவாளம் இல்லாத ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எச்சரிக்கைப் பலகை மட்டும் துருவேறி நிற்கிறது. அந்த இடம் வந்ததும் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, காதைத் தீட்டிக் கேட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதன்பிறகே கடந்துபோகிற ஒரு மனுஷர் உண்டு. அவர்தான் என் மச்சான் வெர்ல் டால்மன். என் அக்கா நெட்ராவின் கணவர்.

"பலகை நிக்கிற வரைக்கும் நிறுத்தணும் மாப்ள. அதான் சட்டம்," என்பார்.

"ரயில் எங்க மச்சான் வரும்?"

"வராதுன்னு உனக்கு யார் சொன்னா?"

இப்படிப்பட்டவர் ஒரு குளிர்காலத்தில் தன் பனிவண்டிக்கு டர்போ மாட்டினார் என்று சொன்னால், எங்கள் பள்ளத்தாக்கைத் தெரிந்தவர்கள் யாரும் முதலில் நம்பமாட்டார்கள்.

வயோமிங்கில் எங்கள் பக்கம் பனி விழ ஆரம்பித்துவிட்டால் சனிக்கிழமைகள் மலைக்கு உரியவை. ஞாயிறு கோயிலுக்கு, சனி மலைக்கு. ஸ்னோமொபைல் என்கிற அந்தப் பனிவண்டிகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையின் முனைவரை போவோம். அங்கிருந்து பனிமேல் ஓட்டிக்கொண்டு ஆர்கன் சரிவுக்குப் போய்ச் சேருவோம். உச்சியில் பாறைகள் கோயில் ஆர்கனின் குழாய்கள் மாதிரி வரிசையாக நிற்பதால் அந்தப் பெயர். பாறைகளுக்கு இடப்பக்கம் ஒரு அகலமான வெள்ளைச் சரிவு நேராக வானத்துக்குப் போகும். அதில் ஏறி உச்சியைத் தொடுவதுதான் விளையாட்டு.

வெர்ல் பாதிவரை போவார். வண்டி முனகும், பனிக்குள் பின்பக்கம் புதையும். அவர் ஒரு பெரிய வட்டமடித்துக் கீழே திரும்பி வருவார். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் காரணம் சொல்வார். ஒருநாள் பெல்ட் சரியில்லை. ஒருநாள் பெட்ரோல் பழசு. ஒருநாள் பனி சர்க்கரை மாதிரி உதிர்கிறது. காரணம் இல்லாமல் அவர் ஒருமுறைகூடக் கீழே வந்ததில்லை.

"உண்மையான காரணம் ஒசரம்தான் மாப்ள. மேல போகப் போக காத்து மெலிஞ்சிடுது. எஞ்சினுக்கு மூச்சு வாங்குது."

அது உண்மைதான். என் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பொரித்துப்போடும் ரொட்டியும் தேன்வெண்ணெயும் அந்த எஞ்சின்மேல் கூடுதலாக எவ்வளவு எடையை ஏற்றியிருந்தன என்பதை அவர் கணக்கில் சேர்க்கமாட்டார்.

ஆனால் அதே மெலிந்த காற்றில் அவருடைய தங்கை ஆர்டித் ஏறிவிடுவாள். ஊரில் பெண்களுக்கு முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஒல்லியான உடம்பு, பழைய வண்டி. அவள் சரிவைச் சற்று நேரம் பார்ப்பாள், ஒரு வழியை மனதுக்குள் பிடிப்பாள், அவ்வளவுதான். உச்சியில் வண்டியை நிறுத்தி, இருக்கைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மான்கறி வைத்த சாண்ட்விச்சைப் பிரிப்பாள். அவள் கணவன் டுவேன் பால் கறக்கும் கொட்டகையிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவள் இப்படித்தான். நாங்கள் கீழே நின்று சுடுசாக்லேட் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்போம். வெர்ல் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அது பொறாமை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்த ஆண்டு முதல் பனி விழுவதற்கு முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. நான் அப்போது அக்கா வீட்டு அடுப்படியில்தான் இருந்தேன்.

"என்ன அது?" என்றாள் நெட்ரா.

"பாதுகாப்புச் சாமான்," என்றார் வெர்ல்.

"பெட்டிமேல டர்போன்னு போட்டிருக்கு."

"பாதுகாப்புக்காக வாங்கின டர்போ."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பஸ் ஓட்டும்போது சைக்கிள்ல போற பசங்க உன்னை முந்திட்டுப் போறாங்க. உனக்கு எதுக்கு டர்போ?"

"நான் மலை மீட்புக் குழுவில இருக்கேன் நெட்ரா. நாளைக்கே யாராவது மேல மாட்டிக்கிட்டா நான் பாதியிலயே நின்னு கையை ஆட்டவா?"

"மீட்புக் குழுவில உன் வேலை ரேடியோ பிடிக்கிறதும் கயித்தைச் சுருட்டி வைக்கிறதும்."

"கயிறும் மேல போகணும்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் மச்சானுக்கும் அக்காவுக்கும் நடுவே வாயைத் திறக்கக்கூடாது என்பதை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

டர்போ என்பது பெரிய மந்திரமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே வீணாகப் போகிற சூட்டுப்புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். மலை திருடிக்கொண்ட காற்றை நாம் திரும்பப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. ஆனால் காற்றைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். பெட்ரோலைக் கூட்டினால் பம்ப், இன்ஜெக்டர், அதையெல்லாம் ஆட்டிவைக்கிற கன்ட்ரோல் பெட்டி என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அவ்வளவு பலம் வந்தபின் கிளட்ச்சையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் கொடுத்தால் மாட்டித் தருவார்கள். வெர்ல் கொடுக்கவில்லை. பஸ்ஸில் டயர் மாற்றுவதைக்கூட இன்னொருவர் கையில் விடாத மனுஷர் அவர்.

ஷெட்டில் வேலை தொடங்கியது. பனிவண்டியின் மூடிகளையும் இருக்கையையும் கழற்றி ஓரமாக வைத்தார். பழைய புகைக்குழாயை எடுத்தார். வண்டி இறகு பிடுங்கின கோழி மாதிரி கூச்சத்தோடு நின்றது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் அக்காவின் கேக் தட்டில் ஒவ்வொரு குழிக்குள் போயிற்று. எந்தக் குழியில் எது என்று எழுதி ஒட்டியும் வைத்தார். இதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குக் கேக் கிடைக்கவில்லை.

என் வேலை டார்ச் பிடிப்பது. நான் இறைச்சி வெட்டுகிறவன், எலும்பு மூட்டுகளைப் பற்றி எனக்குத் தெரியும், ஆனால் அந்த ஷெட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் மாப்ள."

"இங்கயா?"

"என் மூக்குக்கு வெளிச்சம் வேணாம். டர்போவுக்கு வேணும்."

அவர் வேலை செய்கிற வேகத்தைச் சொல்லவேண்டும். குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மறுபடியும் அதே வரியைப் படிப்பார். பிறகு டர்போவைக் கையில் எடுத்து, ஏதோ பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி அடியில் கைகொடுத்து, புகைக்குழாய் இருந்த இடத்தில் பொருத்தி, போல்ட்டை விரலால் மட்டும் திருகி, தள்ளி நின்று பார்ப்பார். அக்கா சாப்பிடக் கூப்பிடும்போது ஒரு போல்ட் இறுகியிருக்கும். எண்ணெய் போகிற குழாயை வளைவில்லாமல் கொண்டுபோக ஒரு சாயங்காலம். சூடு படும் இடங்களிலெல்லாம் வெள்ளித்துணி சுற்ற இன்னொரு சாயங்காலம். ஒயர்களை அவர் கட்டியிருந்த அழகைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பின்னிய ஜடை மாதிரி இருந்தது.

"மச்சான், ஆர்டித் கடையில உங்களுக்கு வேலை இருக்கு."

"டார்ச்சை நேரா பிடி."

முதன்முதலாக எஞ்சினை எழுப்பிய அன்று தெருவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் ஊர்ச் சபையை நடத்துகிற பிஷப்; எங்கேயோ கூட்டத்துக்குக் கிளம்பினவர், வெள்ளைச் சட்டையும் டையுமாக எட்டிப் பார்த்தார். ஆர்டித்தும் வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். வண்டியின் பின்பக்கம் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்தது. வெர்ல் தொண்டையைக் கனைத்தார், ஏதோ திறப்புவிழாவில் பேசப்போகிறவர் மாதிரி.

"எல்லாரும் ஒரு அடி தள்ளி நில்லுங்க."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் எழுந்தது. இருமல் இல்லை, புகை இல்லை. கைதட்டினோம். வெர்ல் கைப்பிடியில் இருக்கும் ஆக்ஸிலரேட்டரைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினார். உள்ளே எங்கேயோ கெட்டில் கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சீழ்க்கை எழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

டப்பென்று ஒரு சத்தம். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற ரப்பர்க் குழாய் தன் இடத்திலிருந்து கழன்று, மேலே பரணைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு ஊதியது. அந்தப் பரண் கட்டினதிலிருந்து யாரும் பெருக்கியதில்லை. அங்கிருந்த தூசி மொத்தமும் பிஷப்பின் வெள்ளைச் சட்டைமேல் வந்து இறங்கியது.

பிஷப் பொறுமையாகக் கண்ணைத் திறந்தார். "நல்ல காத்து வெர்ல்," என்றார்.

ஆர்டித் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்ணே, வண்டிக்கு மாட்டினியா, வீடு பெருக்க மாட்டினியா?"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. குழாய் சுலபமாக ஏறட்டும் என்று வெர்ல் அதன் வாய்க்கு உள்பக்கம் எண்ணெய் தடவியிருக்கிறார். சுலபமாக ஏறியது சுலபமாக இறங்கிவிட்டது. முழு பலத்தோடு ஊதாதபோதே இப்படி. எண்ணெயைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டுக் காயவைத்து, எல்லாக் குழாயையும் மறுபடி மாட்டி இறுக்கினார். குழாய்களுக்குள் காற்றடித்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத்தண்ணீர் தெளித்து, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒரு மூட்டிலும் வரவில்லை. அவர் மூக்கில் மட்டும் கொஞ்சம் நுரை இருந்தது.

மாட்டுவது பாதி வேலை, செட் பண்ணுவது மீதி வேலை. பனி விழுந்ததும் ஊருக்கு வெளியே பால்பண்ணைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் அதைத் தொடங்கினார். டர்போ ஊதும் அழுத்தத்தை ஆகக் குறைவாக வைத்து ஒரு ஓட்டம். திரும்பி வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து நிறம் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம்.

"காபிப் பொடி நிறத்தில இருக்கணுமாம்."

"நம்ம சபையிலதான் காபியே கூடாதே, நீங்க ஆயுசுக்கும் குடிச்சதில்லை. நிறம் எப்படித் தெரியும்?"

"பாட்டிலில பாத்திருக்கேன்."

எஞ்சின் அளவுக்கு மீறிக் கத்தினால் கிளட்ச்சுக்குள் இருக்கும் எடைகளைக் கூட்ட வேண்டும். இழுக்க முடியாமல் திணறினால் குறைக்க வேண்டும். உறைபனியில் முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, எடையை மாற்றி, ஒரு ஓட்டம். மறுபடி கழற்றி, இன்னொரு ஓட்டம். அழுத்தத்தை ஒரு மயிரிழை ஏற்றி அதையெல்லாம் முதலிலிருந்து. இதில் அவரைக் கேலி பண்ண எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த வண்டி ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நன்றாகப் போனது. கடைசியில் பெருவிரலால் தொட்டால் போதும், சத்தம் ஏறாமல், திணறாமல், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி பாய்ந்தது.

தன் மாடுகள் பால் குறைத்துவிட்டதாகப் பண்ணைக்காரர் சொன்னார். மாடுகள் வேலியோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்ததை நானே பார்த்தேன்.

எல்லாவற்றையும் சோதித்தார் வெர்ல். கிளம்புவதைச் சோதித்தார், இழுப்பதைச் சோதித்தார், சூட்டைச் சோதித்தார். அவர் சோதிக்காதது ஒன்றே ஒன்று. மைதானத்தில் உச்சி கிடையாது. எனவே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபின் என்ன செய்வது என்பதை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. அதற்கு அவசியமும் வாழ்நாளில் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முந்தின நாள் விழுந்த புதுப்பனி தொடை ஆழம். ஆர்டித் வழக்கம்போல் முதலில் ஏறி, உச்சியில் வண்டியைக் குறுக்காகத் திருப்பி நிறுத்திச் சாண்ட்விச்சைப் பிரித்தாள். வெர்ல் மீட்புக் குழுவின் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். நெஞ்சில் ரேடியோ, முதுகில் சரியும் பனியில் புதையாமல் காக்கிற காற்றுப்பை, இடுப்பில் கயிறு. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட மறந்ததெல்லாம் அவர்மேல் தொங்கியது.

"மச்சான், மெதுவா."

"நான் எப்ப வேகமா போயிருக்கேன்?" என்றார்.

பெருவிரலை அழுத்தினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் அந்தச் சீழ்க்கை எழுந்தது, வண்டியின் முன்பக்கம் தூக்கியது, என் மச்சான் போய்விட்டார். அவர் வழக்கமாக வட்டமடிக்கும் இடம் ஒரு கண்சிமிட்டலில் பின்னால் போனது. வண்டிக்குப் பின்னால் பனி விசிறி மாதிரி விரிந்தது. நான் கத்தினேன், கையைத் தட்டினேன், குதித்தேன். ஆரஞ்சுப் புள்ளி உச்சியை நெருங்கியது. ஆர்டித் சாண்ட்விச்சோடு எழுந்து நின்றாள். ஆரஞ்சுப் புள்ளி அவளைக் கடந்தது. கையை ஆட்டியதாகக்கூட எனக்குத் தோன்றியது. பிறகு வானத்தில் ஒரு நொடி வண்டியின் அடிப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. அதன்பின் உச்சியில் ஆர்டித் மட்டும் நின்றாள்.

சத்தம் நின்றுவிட்டது.

அந்த அமைதியைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல எனக்கு வரவில்லை. உச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகலான பள்ளம், அடியில் ஃபிர் மரங்கள். நாங்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. ஆர்டித் சாண்ட்விச்சைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறி மறுபக்கம் மறைந்தாள். நான் எப்படி அந்தச் சரிவில் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதுதான் வழி முழுக்க மண்டையில் ஓடியது.

உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்தில் ஒரு நீளமான உழவுக்கோடு. கோட்டின் முடிவில் இருக்கைவரை புதைந்த வண்டி. பக்கத்தில் மார்வரை புதைந்த என் மச்சான். ஆர்டித் அதற்குள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையாலும் பனியைப் பறித்துக்கொண்டிருந்தாள். பறித்துக்கொண்டே திட்டினாள். முடிதிருத்தும் கடையில் கற்றுக்கொண்ட வார்த்தைகளா, டுவேனின் மாடுகளிடம் கற்றுக்கொண்டவையா தெரியவில்லை, பிஷப் கேட்டால் மறுபடி தூசி தட்ட வேண்டியிருக்கும்.

"எத்தனை வயசு உனக்கு? ஆங்? எத்தனை வயசு? பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா?"

"புடிச்சேன் ஆர்டி. வண்டி ஆகாசத்தில இருந்துச்சு. ஆகாசத்தில பிரேக் புடிக்கல."

"கால் அசையுதா?"

"ஒண்ணு அசையுது. இன்னொண்ணு வேணாங்குது."

முழங்கால் பிசகியிருந்தது, வேறொன்றுமில்லை. அது தெரிந்ததும் ஆர்டித் பறிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே பனியில் உட்கார்ந்தாள்.

"டுவேனை அள்ளிக் குடுத்தது போதாதா? உன்னையும் குடுக்கணுமா? என்னை ஜெயிச்சு உனக்கு என்ன ஆகப்போகுது?"

"ஜெயிக்கவா? யாரு ஜெயிக்க வந்தா?"

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

காரணம் சொல்லாத வெர்லை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். மீசையில் ஒட்டியிருந்த பனியை நாக்கால் தள்ளிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கடைசியில் சொன்னார்:

"நீ தனியா உக்காந்து திங்கிற."

"என்ன?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும். நாங்கள்லாம் கீழ நின்னு சிரிச்சுக்கிட்டு சாக்லேட் குடிக்கிறோம். நீ ஒத்தையா மேல உக்காந்து திங்கிற. எனக்குப் பாக்க முடியல. டுவேன் இருந்தா பக்கத்தில உக்காந்திருப்பான். சரி, அண்ணன்காரனாவது போய் உக்காரலாம்னு பாத்தா இந்தப் பாழாப்போன வண்டி ஏறமாட்டேங்குது."

நான் பனியைப் பறிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆர்டித் அவரைப் பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் வாய் கோணியது, மூக்கு விடைத்தது, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"அண்ணே, நான் மேல போறதே உங்க எல்லார் வாய்க்கும் தப்பிச்சுத்தான்!"

"என்னது?"

"வாரம் பூரா கடையில பொம்பளைங்க பேசறாங்க. மருமகளைப் பத்தி, மொழங்கால் வலியைப் பத்தி, பக்கத்து வீட்டு நாயைப் பத்தி. ஞாயித்துக்கிழமை கோயில்ல பேசறாங்க. நடுவுல ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், எவனும் பேசாத எடத்தில உக்காந்து நிம்மதியா தின்னுட்டு வரலாம்னு போறேன். டுவேன் வாயே தொறக்க மாட்டான். அதுக்காகத்தான் அவனைக் கட்டிக்கிட்டேன்."

வெர்ல் புதைந்துகிடந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப டர்போ வேஸ்ட்டா?" என்றார்.

அந்தப் பள்ளத்திலிருந்து பிசகின காலோடு ஒரு பெரிய மனுஷரை இரண்டு பேர் மேலே ஏற்ற முடியாது. ஆள் வேண்டும், கயிறு வேண்டும். வெர்ல் நெஞ்சிலிருந்த ரேடியோவை எடுத்தார். நான் பேசுகிறேன் என்றேன், தரவில்லை. விதிப்படி பேசத் தெரிந்தவர்தான் பேச வேண்டுமாம்.

"மையம், மையம். ஆர்கன் சரிவுக்கு மறுபக்கம் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. முழங்கால்ல அடி. நினைவு இருக்கு, பேச்சு இருக்கு."

"பேச்சு நெறையவே இருக்குன்னு சொல்லு," என்றாள் ஆர்டித்.

மறுமுனையில் குழுத் தலைவர் பாய்ட். "சரி. மாட்டிக்கிட்டவர் பேரு?"

வெர்ல் தொண்டையைக் கனைத்தார். "வெர்ல் டால்மன்."

"உன் பேரு எனக்குத் தெரியும் வெர்ல். மாட்டிக்கிட்டவன் பேரைச் சொல்லு."

"அதைத்தான் சொல்றேன்."

பாய்ட் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு அறையே சிரிப்பது கேட்டது.

வெயில் சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். மரத்தில் கப்பி கட்டி, வெர்லை இழுவைப் படுக்கையில் படுக்கவைத்துக் கட்டினார்கள். படுத்தபடியே அவர் உத்தரவு போட ஆரம்பித்தார். முடிச்சு தப்பாக இருக்கிறது என்றார். கயிறு கல்லில் உரசுகிறது என்றார். இந்தக் கயிற்றை யார் இப்படிச் சுருட்டிவைத்தது என்று கேட்டார்.

"நீதான்," என்றார் பாய்ட். "நோயாளி பேசக்கூடாது. அதுவும் விதிதான்."

நெட்ரா ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு, "பாதுகாப்புச் சாமான் எங்க?" என்று கேட்டாள்.

அது பள்ளத்தில் புதைந்திருந்தது. ஓரிரு நாள் கழித்து நாங்கள் போய்த் தோண்டி எடுத்தோம். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தப் பள்ளத்திலிருந்து ஏறச் சாதாரண வண்டியால் முடியாது, அது தானாக ஏறினால்தான் உண்டு. யார் ஓட்டுவது என்று நாங்கள் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆர்டித் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சரிவைச் சற்று நேரம் பார்த்தாள். சீழ்க்கை எழுந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு, பாறைக்கு அடியில் இன்னொரு வளைவு, நேராக உச்சி. உச்சியில் அரை சுற்று சுற்றி வண்டியைக் குறுக்காக நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"நல்லாத்தான் செட் பண்ணியிருக்காரு எங்கண்ணன்," என்றாள்.

இதை நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த வெர்லிடம் போய்ச் சொன்னேன். காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டிருந்தவர் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கிளட்ச்சைப் பற்றித் தனியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

ஊர் சும்மா விடுமா? அடுத்த ஞாயிறு பிஷப் பிரார்த்தனையில் "நினைத்ததைவிடத் தூரம் போய்விட்ட சகோதரர்களுக்காக" என்று ஒரு வரி சேர்த்தார், கண்ணைத் திறக்காமலே. பஸ் பிள்ளைகள் அவர் வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோரும் சேர்ந்து வாயால் அந்தச் சீழ்க்கையை ஊதினார்கள். அவர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் டாக்டர் அனுமதி கொடுத்தார். வெர்ல் டர்போவின் அழுத்தத்தை நன்றாக இறக்கிவைத்தார். ஆர்டித் இரண்டு நிபந்தனை போட்டாள். அவள் நிற்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே விரலை எடுத்துவிட வேண்டும். மேலே வந்தபின் வாயைத் திறக்கக்கூடாது.

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

ஏறினார். பாதியைத் தாண்டினார், முக்காலைத் தாண்டினார், விரலை எடுத்தார், வண்டி மெல்ல உருண்டு ஆர்டித்தின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நானும் பின்னாலேயே திக்கித்திணறி ஏறிவிட்டேன், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அடுத்தடுத்து மலைகள், கண்ணுக்கு எட்டினவரை வெள்ளை. வெர்ல் ஹெல்மெட்டைக் கழற்றினார். பார்த்தார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். ஆர்டித் அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

அவள் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அவள் எப்போதும் காரமான கிழங்குச் சட்னியை அள்ளிப் பூசுவாள். வெர்லுக்குக் காரம் ஆகாது. கண்ணில் நீர் வழிய, முகம் சிவக்க, ஒரு சத்தமில்லாமல் மென்றார்.

ரொம்ப நேரம் கழித்து ஆர்டித்தான் பேச ஆரம்பித்தாள். டுவேன் குளிர்நாளில் மாடுகளின் மடியைத் தொடுவதற்கு முன்னால் கையைத் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வானாம். படுக்கைக்கு வரும்போது மட்டும் அந்தச் சூடு நினைவுக்கு வராதாம், ஐஸ் மாதிரி கையோடு வருவானாம். அதைச் சொன்னாள். அவன் பாடுவான் என்றாள், மாடுகளுக்கு மட்டும். எங்களுக்கு அது தெரியாது. வெர்ல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நெட்ரா, "மேல போய் என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா உக்காந்திருந்தேன்," என்றார் வெர்ல்.

"பேசாமலா?"

"பேசாமதான்."

அக்கா என் பக்கம் திரும்பி, "டேய் ரூலன், உண்மையைச் சொல்லு," என்றாள். நான் உண்மைதான் என்றேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் நம்பவில்லை.